சுங்கை சிப்புட் நர்சரியில் குண்டுமல்லி: செடியை வாங்கலாம், மண் வேண்டாம்

மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சாலையோர நர்சரி ஒன்றில் விற்கும் குண்டுமல்லிச் செடிகளைப் பற்றியது இது. கடைப் பெயர் வேண்டாம்; கீழே வரும் குறைகள் இந்த ஒரு கடையோடு நிற்பவை அல்ல.

ஆறு இன்ச் கறுப்புப் பையில் உள்ள செடி 10 வெள்ளி (ரிங்கிட்). பூத்து நிற்கும் பெரிய செடி, பீங்கான் தொட்டியோடு 45 வெள்ளி. வாசலில் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருப்பது பெரியதை. வாங்க வேண்டியது சின்னதை. பூத்த செடி நிழல்வலைக்குக் கீழே, தவறாத தண்ணீரிலும் உரத்திலும் வளர்ந்தது. தாமான் (குடியிருப்பு) வீட்டு வாசலுக்கு வந்ததும் மொட்டையெல்லாம் உதிர்த்துவிட்டு, பாதி இலையையும் கொட்டிவிட்டு, அடுத்த துளிர் வரும்வரை சும்மா நிற்கும். சின்னச் செடி உங்கள் வீட்டு வெயிலிலேயே வளர்ந்து பழகிவிடும்.

பையை எடுத்துப் பார்க்கும்போது பூவை எண்ணாதீர்கள், அடியைப் பாருங்கள். பெரும்பாலான பைகளில் மூன்று குச்சிகளைச் சேர்த்து நட்டிருக்கிறார்கள். செடி அடர்த்தியாகத் தெரிய இது ஒரு வழி, தப்பில்லை. ஆனால் நடுக்குச்சி செத்திருப்பது உண்டு. ஒவ்வொரு குச்சியையும் இரண்டு விரலால் பிடித்து லேசாக ஆட்டுங்கள். ஆடினால் வேர் பிடிக்கவில்லை. இலையைத் திருப்பிக் கணுக்களைப் பாருங்கள். கணுவில் வெள்ளைப் பஞ்சு, தண்டில் எறும்பு வரிசை என்றால் மாவுப்பூச்சி இருக்கிறது. அந்தப் பையை மட்டுமல்ல, பக்கத்துப் பையையும் விட்டுவிடுங்கள். பைக்கு அடியில் வேர் வெளியே வந்து தரையில் ஊன்றியிருந்தால் பிடுங்கும்போது அறுந்துபோகும், அதுவும் வேண்டாம். இந்தச் சோதனையில் தேறும் செடிகள் இங்கே நிறையவே கிடைக்கின்றன. பத்து வெள்ளிக்கு நல்ல சரக்கு.

பையில் குத்தியிருக்கும் அட்டையில் 'மதுரை மல்லி' என்று எழுதியிருக்கிறது. கேட்டால், "ஊர்லேருந்து வந்ததுக்கா, ஒரிஜினல்" என்கிறார் கடைத் தம்பி. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் விளையும் பூவுக்கு உரியது. பேராவில் வளர்ந்த செடியில் அந்த அட்டைக்கு அர்த்தமில்லை. இந்தியாவிலிருந்து செடி கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும், பூச்சி நோய் இல்லை என்ற சான்றிதழும் வேண்டும். சேலைக்கு நடுவே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த குச்சி என்றால் அது சட்டத்துக்குப் புறம்பானது. அட்டையை மறந்துவிட்டு மொட்டைப் பாருங்கள். காம்பு நீளமாக, மொட்டு உருண்டையாக இருந்தால் சரம் கட்ட வரும். ரோஜா மாதிரி அடுக்கடுக்காக இருக்கும் அடுக்குமல்லி பார்வைக்கு அழகு, வாசனையும் உண்டு. ஆனால் மெதுவாக வளரும், கொஞ்சமாகப் பூக்கும், கட்டுவதற்கும் தோதில்லை. கடையில் இரண்டையும் ஒரே வரிசையில் கலந்து வைத்திருக்கிறார்கள்.

இனி மண். ஐந்து வெள்ளிக்கு விற்கும் 'கறுப்பு மண்' பை இந்தக் கடையின் மோசமான சரக்கு. காய்ந்திருக்கும்போது பொலபொலவென்று இருக்கும். பத்து நாள் மழை பட்டதும் களியாக இறுகி, தண்ணீர் மேலேயே நிற்கும். நம் பக்கத்தில் ஏப்ரல், மே ஒரு தடவையும் அக்டோபர், நவம்பர் ஒரு தடவையும் மழை வலுக்கும். மல்லி வெயில் தாங்கும், ஈர வேரைத் தாங்காது. வீட்டிலேயே கலந்துகொள்ளுங்கள்: தோட்டத்துச் செம்மண் மூன்று பங்கு, நன்றாக மக்கிய ஆட்டுச் சாணம் அல்லது மாட்டுச் சாணம் இரண்டு பங்கு, சுட்ட உமி ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு. கையில் பிடித்து இறுக்கினால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உடைய வேண்டும். அதுதான் பதம்.

நம் செம்மண் புளிப்பு மண். 12 இன்ச் தொட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி ஜி.எம்.எல். (மக்னீசியம் உள்ள சுண்ணாம்புக்கல் தூள்) கலந்து, இரண்டு வாரம் கழித்துத்தான் உரம் போட வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் உரத்திலுள்ள அம்மோனியா ஆவியாகிப் போய்விடும். தோட்டத்தில் உரம் போட்ட பெரியவர்களுக்கு இது புதிதல்ல. காலிக் குலையை (பழம் எடுத்த பிறகு மிஞ்சும் செம்பனைக் குலை) மேல்மூடாக்காகப் போடுபவர்கள் பிய்த்து, மக்க வைத்து, ஒரு விரல் கனத்துக்கு மேல் போகாமல், தண்டை ஒட்டாமல் பரப்புங்கள். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிடும், பிறகு பக்கத்துச் செம்பனைக்குத்தான் கேடு.

தொட்டியும் இங்கே வாங்காதீர்கள். அழகான பீங்கான் தொட்டிகளில் நடுவே ஒரே ஒரு துளை. அடித்தட்டு தொட்டியோடு ஒட்டியே வருகிறது. பஜாரில் கிடைக்கும் சாதாரண 12 இன்ச் பிளாஸ்டிக் தொட்டி போதும். அடியில் ஐந்து துளை, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அளவு. தட்டு வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். வேர் அழுகாது என்பதோடு கொசுவுக்கும் இடமில்லை: 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி, வீட்டில் கொசுப்புழு கண்டால் 500 வெள்ளி வரை கம்பவுண்ட் (அபராதம்) போடுவார்கள். பூந்தொட்டித் தட்டு சுகாதார அதிகாரிகள் முதலில் பார்க்கும் இடங்களில் ஒன்று.

"கார் நிறுத்துற இடத்துல வச்சாலும் பூக்கும்" என்று கடையில் சொல்வதை நம்பாதீர்கள். ஆறு மணி நேரம் நேர் வெயில் இல்லாவிட்டால் இலைதான் வரும். கார் கூரைக்கு அடியில் வைத்து, பூக்கவில்லை என்று யூரியா போடுபவர்கள் அதிகம். யூரியா போட்டால் கொடி நீண்டு, இலை கரும்பச்சையாகி, பூ இன்னும் குறையும். நீல உரம் என்று விற்கும் 12:12:17:2 போதும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு தேக்கரண்டி, தண்டை ஒட்டாமல் தொட்டி விளிம்பில், மண் ஈரமாக இருக்கும்போது. கீழ் இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடையில் மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியம் குறைவு. கீசரைட் என்ற மக்னீசிய உரம் ஒரு தேக்கரண்டி போடலாம். மண் ஈரமாக இருக்கும்போதே இலை மொத்தமாக மஞ்சளாகி வாடினால் அது வேர் அழுகல், உரம் அதற்கு மருந்தில்லை. தொட்டியிலிருந்து எடுத்து, கறுத்த வேரை வெட்டிவிட்டு, புது மண்ணில் வையுங்கள்.

கவாத்து பற்றிக் கடையில் சொல்வது சரி, இதற்காகவே அவர்களைப் பாராட்டலாம். மல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு விடும். தமிழ்நாட்டில் குளிர்காலத்தில் ஒரு தடவை வெட்டுவார்கள். இங்கே குளிர்காலம் கிடையாது என்பதால் ஒவ்வொரு பூப்பு முடிந்ததும் வெட்ட வேண்டும். நான்கைந்து நாள் தண்ணீரைக் குறைத்து, இலை லேசாகத் தொங்கியதும் ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை, கணுவுக்கு மேலே வெட்டுங்கள். மீதி முற்றிய இலைகளையும் உருவிவிடுங்கள். அன்றே தண்ணீர், உரம். ஒரு மாதத்துக்குச் சற்று மேல் ஆனதும் மொட்டு தெரியும். தைப்பூசத்துக்கு வேண்டுமென்றால் நாள் எண்ணிக்கொண்டு முன்கூட்டியே வெட்டுங்கள். ஒரு தொட்டிப் பூ சாமி படத்துக்கும் தலைக்கு ஒரு சிறு சரத்துக்கும் காணும். மாலை கட்டப் பூக்கடைக்குத்தான் போக வேண்டும்.

மொட்டு ஊதா நிறமாகி விரியாமலே காய்ந்தால் வாங்கியவர்கள் வெயில் என்று நினைக்கிறார்கள், கடையிலும் அப்படித்தான் சொல்லி அனுப்புகிறார்கள். வெயில் அல்ல. அந்த மொட்டைக் கிள்ளி நகத்தால் பிளந்து பாருங்கள். பக்கத்தில் ஓட்டை, உள்ளே கறுத்த தலையுடன் ஒரு புழு என்றால் மொட்டுப்புழு. அருகருகே உள்ள மொட்டுகளை நூலால் பின்னியும் வைத்திருக்கும். ஓட்டை இல்லாமல் மொட்டின் அடி வீங்கி, உள்ளே நூல் துண்டு போல் சின்னப் புழுக்கள் நெளிந்தால் அது மொட்டு ஈ. இந்த ஈயின் புழு மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழுவாகும். ஆகவே கெட்ட மொட்டைக் கிள்ளித் தொட்டியிலேயே போடுவது அதை வளர்ப்பதாகும். கிள்ளியதை பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். மேல்மண்ணைக் கிளறிக் காயவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, மொட்டு கடுகளவாக இருக்கும்போதே வாரம் ஒரு தடவை சாயங்காலம் அடியுங்கள். மொட்டு பெருத்த பிறகு அடித்து அதிகப் பயனில்லை, புழு உள்ளே போயிருக்கும். பூவிலும் வேப்பெண்ணெய் நாறும்.

மல்லி தீர்ந்துபோனால் கெமுனிங் செடியை எடுத்துக் காட்டுகிறார்கள். வாசனையான குட்டைச் செடிதான். வீட்டில் எலுமிச்சை, லீமாவ் கஸ்தூரி வைத்திருப்பவர்கள் வாங்காதீர்கள். எலுமிச்சை இனத்தில் பச்சை நோயைப் பரப்பும் சாறுண்ணிப் பூச்சி கெமுனிங்கிலும் பெருகும்.

தொட்டி மாற்றித் தரும் சேவைக்கு 8 வெள்ளி கேட்கிறார்கள். அதே கறுப்பு மண்ணைத்தான் போடுவார்கள் என்பதால் தேவையில்லை. உங்கள் கலவையைக் கொண்டுபோனால் போட்டுத் தரவும் தயங்குவதில்லை, ஆனால் பையைக் கிழிக்கும்போது வேர்க்கட்டியை உடைத்துவிடுகிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் போங்கள். மத்தியானம் எல்லாச் செடிக்கும் மேலிருந்து தண்ணீர் அடித்துவிடுவார்கள், அப்புறம் எந்த இலையில் பூச்சி இருக்கிறது என்று தெரியாது.