7-ஜிப்: மூஞ்சி பழசு, வேலைல கில்லாடி

புது கம்ப்யூட்டர் கைக்கு வந்தா நான் மொதல்ல இறக்குறது 7-ஜிப் தான், ஃபைல்கள சுருக்கி ஒரே ஃபைலா கட்டறதுக்கும், அப்படி கட்டினத பிரிக்கறதுக்கும் உள்ள சாஃப்ட்வேர். ரெண்டு எம்பி கூட இருக்காது, காசும் கெடையாது, இகோர் பாவ்லோவ்னு ஒரு ரஷ்யக்காரர் 1999ல ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் விடாம பண்ணிட்டு இருக்கார். ஐகான்லாம் விண்டோஸ் 98 காலத்துலயே தூங்கிட்ட மாதிரி இருக்கும், மனுஷன் அத கண்டுக்கறதே இல்ல.

இத விண்டோஸே குடுக்கலாமேன்னு கேப்பாங்க. குடுத்துச்சு, ஆனா அந்த ஜிப் (ரொம்ப பரவலான சுருக்குற ஃபார்மேட்) வசதியே டேவ் ப்ளம்மர்னு மைக்ரோசாஃப்ட்ல வேல பாத்தவர் வீட்ல உக்காந்து சொந்தமா எழுதி வித்துட்டு இருந்தது, கம்பெனி அத அவர்கிட்டயே வெலைக்கு வாங்கி உள்ள சேத்துக்கிச்சு. அப்புறம் வருஷக்கணக்கா ஜிப்போடயே நின்னு, 2023ல தான் விண்டோஸ் 11ல ஆர்ஏஆர், 7இசட் (7-ஜிப்போட சொந்த ஃபார்மேட்) மாதிரி மத்த சுருக்குற ஃபார்மேட்டெல்லாம் தொறக்க ஆரம்பிச்சது, அதுக்கும் லிப்ஆர்கைவ்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் (கோட யாரும் பாத்து எடுத்துக்கலாம்) ப்ராஜெக்ட்ட தான் எடுத்து போட்டாங்க. எனக்கு அது தப்பா தெரியல. ஒவ்வொரு ஃபார்மேட்டும் தனி தலைவலி, யாரோ வேணும்னே கோணலா செஞ்சு அனுப்புற ஃபைல தொறந்தா அதுவே செக்யூரிட்டி ஓட்டை, அதுலயே ஊறிப்போனவங்ககிட்ட விடறது தான் நல்லது.

லைசென்ஸ் வேற இருக்கு. 7-ஜிப் ஆர்ஏஆர பிரிக்கும், ஆனா உருவாக்காது, ஏன்னா அந்த சுருக்குற முறைக்கு சொந்தக்காரங்க வேற. விண்டோஸ்ல டிவிடி படம் ஓட்டற வசதியோட கதையும் இப்படித்தான், டிவிடில வீடியோவ சுருக்கி வெக்கற எம்பெக்-2ங்கற முறைக்கு கம்ப்யூட்டருக்கு இவ்ளோன்னு ராயல்டி கட்டணும், டிவிடி போடறவங்களும் கொறஞ்சுட்டே வந்தாங்க, விண்டோஸ் 8ல அத தூக்கிட்டாங்க, வேணுங்கறவங்க விஎல்சிங்கற இலவச வீடியோ ப்ளேயர போட்டுக்கிட்டாங்க.

சரி, யூஸ் பண்றவங்களுக்கு ஒண்ணு. 7இசட்ல பாஸ்வேர்ட் போடும்போது கீழ 'என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்'னு ஒரு சின்ன கட்டம் இருக்கும், அத டிக் பண்ணுங்க. நான் ஒருதடவ பண்ணாம அனுப்பிட்டேன், உள்ள இருக்கறத தொறக்க முடியல, ஆனா 'ராஜினாமா கடிதம் ஃபைனல் 3'ங்கற பேர் மட்டும் பளிச்சுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது.

பெரிய குறை, தானா அப்டேட் ஆகாது. சிஸ்டத்தோட வர்றதுன்னா மாசாமாசம் அதுவே சரி பண்ணிக்கும், இதுக்கு நாமளே சைட்டுக்கு போயி புது வெர்ஷன் எடுத்து மேல போடணும், ஓட்டை அடைச்சு வெர்ஷன் விட்டாலும் பாதி பேருக்கு தெரியாது. அஞ்சுக்கு நாலு, அந்த ஒரு ஸ்டார் இதுக்காக தான் குறைச்சேன்.