சூப்பர்சார்ஜர் மாட்டிய எம்எக்ஸ்-5: க்ராங்க்கேஸ் வென்டிலேஷனோடு 5 வருடம்

இங்கிலாந்தில் நான் ஓட்டும் பழைய 1.8 லிட்டர் மாஸ்டா எம்எக்ஸ்-5இல் சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) மாட்டி 5 வருடம், 31,000 மைல் ஆகிவிட்டது. பூஸ்ட், அதாவது அது கூடுதலாகத் தரும் காற்றழுத்தம், 7 பிஎஸ்ஐதான். இத்தனை நாளில் அதிக வேலை வைத்தது பெல்ட்டோ டியூனிங்கோ இல்லை, க்ராங்க்கேஸ் வென்டிலேஷன், அதாவது இன்ஜினின் அடிப்பெட்டியில் சேரும் வாயுவை வெளியேற்றும் ஏற்பாடு.

எந்த இன்ஜினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்கும். சாதாரண இன்ஜினில் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்) வெற்றிடம் அதை பிசிவி வால்வ் என்ற ஒருவழி வால்வ் வழியாக இழுத்துத் திரும்ப எரித்துவிடும். பூஸ்ட் ஏறினால் மேனிஃபோல்டிலேயே அழுத்தம். வால்வ் இறுக மூடாவிட்டால் அந்தக் காற்று நேரே க்ராங்க்கேஸுக்குள் போகும். ரிங்கைத் தாண்டும் வாயுவும் அந்த நேரத்தில்தான் அதிகம்.

முதல் வருடம் ஒருநாள் நீண்ட ஏற்றத்தில் மிதித்து ஓட்டிவந்து பானெட்டைத் திறந்தேன். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இரண்டு விரற்கடை மேலே எழும்பி நின்றது, சுற்றிலும் ஆயில். வால்வைக் கழற்றிக் குலுக்கினால், நல்ல வால்வின் அடையாளமாகச் சொல்லப்படும் டக் டக் சத்தம் நன்றாகவே வந்தது. ஆனால் மேனிஃபோல்ட் பக்கம் ஹோஸ் செருகி ஊதினால் காற்று தாராளமாகப் போகிறது. குலுக்கிப் பார்த்து மட்டும் வால்வை நம்பாதீர்கள். புது வால்வும், அந்த ஹோஸில் தனியாக ஒரு செக் வால்வும் போட்டேன். டிப்ஸ்டிக் அதன்பிறகு அசையவில்லை.

அடுத்து பிரீதர், அதாவது இன்ஜினின் மேல் கவரிலிருந்து சூப்பர்சார்ஜர் வாய்க்குப் போகும் குழாய். பூஸ்டில் வாயு வெளியேற அது ஒன்றுதான் வழி. அதனால் 19 மிமீ ஹோஸுக்கு மாறி, கவரில் இருந்த குழாய் முனையையும் பெரிதாக்கினேன். முதலில் வாங்கிய மலிவான கேட்ச் கேன் (அந்த வாயுவிலிருந்து எண்ணெயைப் பிரித்துப் பிடிக்க வேண்டிய கலம்) வெறும் டப்பா. எண்ணெய் ஆவி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய், சூப்பர்சார்ஜர் வாயில் பிசுக்காகப் படிந்தது. அது பெட்ரோலோடு கலந்தால் நாக் (எரிபொருள் நேரம் தவறித் தானாக வெடிப்பது) வரும். இப்போது இருப்பது உள்ளே தடுப்புத் தகடும் கம்பி வலையும் உள்ள கேன். வித்தியாசம் கண்கூடு, ஹோஸுக்குள் விரலை விட்டால் ஏறக்குறைய உலர்ந்திருக்கிறது. பிரீதரை வெளிக்காற்றில் திறந்து விடும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. கூரையைத் திறந்து ஓட்டும் கார் இது, நாற்றம் முகத்தில் அடிக்கும்.

கோடையில் 1,000 மைலுக்கு இரண்டு மேசைக்கரண்டி கறுப்பு எண்ணெய் சேரும். குளிர்காலத்தில் பால் கலந்த காபி நிறத்தில் இருமடங்கு, பெரும்பாலும் தண்ணீர். உறைந்தால் ஹோஸ் அடைத்துக்கொள்ளும், அதனால் அப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காலி செய்கிறேன். அதைத் திரும்ப இன்ஜினில் ஊற்றவே கூடாது.

போன மாதம் கோடைக் கணக்கு திடீரென்று மூன்று மடங்கானது. லீக்-டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) செய்ததில் மூன்றாவது சிலிண்டரில் ரிங் தேய்ந்திருப்பது தெரிந்தது. அடுத்த வாரம் இன்ஜினை இறக்குகிறேன்.