இந்தோனேசிய மொழியில் இரண்டு 'இல்லை': திடாக், புக்கான்

இந்தோனேசிய மொழியில் சொல்லின் வகை தெரியாமல் ஒரு மறுப்பு வாக்கியம்கூடச் சொல்ல முடியாது. வினைக்கும் பெயரடைக்கும் முன்னால் 'திடாக்', பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'புக்கான்'.

மேசையில் ஒரு கோப்பை இருக்கிறது. உள்ளே தேநீர் என்றால், 'இனி புக்கான் கோப்பி': இது காபி அல்ல. காபிதான், ஆனால் ஆறிவிட்டது என்றால், 'கோப்பி இனி திடாக் பானாஸ்': இந்தக் காபி சூடாக இல்லை. 'கோப்பி' பெயர், 'பானாஸ்' பெயரடை. மறுப்புச் சொல் அதற்கேற்ப மாறிவிட்டது.

எழுத்துத் தமிழில் 'அல்ல', 'இல்லை' என்று நாம் வைத்திருக்கும் வேறுபாட்டுக்கு இது ரொம்ப நெருக்கம். ஆனால் பேச்சில் 'அவர் டாக்டர் இல்லை' என்றுதான் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தில் 'திடாக்' தானாக வாயில் வந்துவிடும். 'அல்ல' போட்டுப் பாருங்கள். பொருந்தினால் பெரும்பாலும் 'புக்கான்'தான்.

சரி, விதிக்கு விலக்கு உண்டா? உண்டு, அதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒன்றை மறுத்து இன்னொன்றை வைக்கும்போது பெயரடைக்கு முன்னாலும் 'புக்கான்' வரும். 'டியா புக்கான் மாரா, தாப்பி செடிஹ்': அவளுக்குக் கோபம் அல்ல, வருத்தம். வாக்கியக் கடைசியில் வந்து, சொன்னதற்கு ஆமோதிப்புக் கேட்கவும் செய்யும்: 'ஏனாக், புக்கான்?' என்றால் 'ருசியாக இருக்கிறது, இல்லையா?'. இப்படி ஆமோதிப்புக் கேட்கும் வேலையை 'திடாக்' செய்யாது.

அப்புறம், ஜகார்த்தாத் தெருவில் 'திடாக்'கைவிட அதே பொருளுள்ள பேச்சு வழக்குச் சொல்லான 'ங்காக்'தான் அதிகம் காதில் விழும். முதலில் 'திடாக்'கையே பழகுங்கள். எங்கே பேசினாலும் தவறாகாது.