மேற்குத் தொடர்ச்சி மலை விலங்கு அட்டைகள்: வரையாட்டுக்கு எதற்குத் ‘தார்’ என்று பேர்?

தஞ்சாவூர் புத்தகத் திருவிழாவில் வாங்கிய பட அட்டைகளைப் பற்றி எழுதுகிறேன். கோவைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சின்னப் பதிப்பகம் போட்டது. பெட்டிக்கு 48 அட்டை, விலை 350 ரூபாய். நீடாமங்கலத்தில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன், நாலாவது முதல் எட்டாவது வரை பிள்ளைகள் வருகிறார்கள். மலையையே பார்க்காத பிள்ளைகள். அவர்களுக்காகத்தான் வாங்கினேன். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் வரையாடு அட்டையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

முதலில் நல்லது. அட்டை நல்ல கனம், வியர்த்த கையோடு பிடித்தாலும் மை கலைவதில்லை. படம் அருமை. பாறை விளிம்பில் ஒரு கிடா நிற்கிறது. கரும்பழுப்பு உடம்பு, பின்னால் வளைந்த கட்டையான கொம்பு, முதுகில் சேணம் வைத்த இடத்தில் மட்டும் வெளுத்த திட்டு. வயது முதிர்ந்த கிடாவுக்குத்தான் அந்தத் திட்டு வரும், வரைந்தவர் அதைக்கூட விடவில்லை. பக்கத்தில் நிற்கும் பெட்டைக்கும் கொம்பு போட்டிருக்கிறார். அதுவும் சரிதான்.

குறை தலைப்பில் இருக்கிறது. பெரிய எழுத்தில் ‘நீலகிரி தார்’, அதற்குக் கீழே பொடி எழுத்தில் ‘வரையாடு’. எங்கள் பக்கத்தில் தார் என்றால் வாழைத்தார், இல்லாவிட்டால் ரோடு போடுகிற தார். ஆறாவது படிக்கும் பையன் ஒருவன், “அக்கா, ஆட்டுக்குப் போய் ஏன் வாழைத்தார் பேரு?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. தார் என்பது இமயமலைப் பக்கத்து விலங்கின் பெயர், ஆங்கிலம் வழியாக இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. வெள்ளைக்காரர்கள் அதற்கு முன் ஐபெக்ஸ் (அது இன்னொரு வகை மலை ஆடு) என்றும் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டுமே பொருந்தவில்லை. 2005இல் வந்த மரபணு ஆய்வு இது இமயமலைத் தாரைவிடச் செம்மறிக்குத்தான் நெருக்கம் என்று சொல்ல, தனிப் பேரினமாகவே பிரித்துவிட்டார்கள். செம்மறியும் ஆடு, வெள்ளாடும் ஆடு என்பது நம் வழக்கம். ஆகவே எந்த ஆய்வு வந்தாலும் வரையாடு என்ற பெயருக்குப் பங்கம் இல்லை.

‘வரை’ என்றால் பிள்ளைகளுக்கு ‘இதுவரை’யும் ‘படம் வரை’யும்தான் தெரியும். மலை என்ற பொருளும் உண்டு, செங்குத்தான சரிவையும் அது குறிக்கும் என்று சொன்னதும் படத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தார்கள். அறுப்பு முடிந்து ராமநாதபுரம் பக்கத்து ஆட்டுக்காரர்கள் வயலில் கிடை போடும்போது இவர்கள் பார்க்கிற ஆடு சமதரையில் மேய்கிறது, இந்த ஆடு வரையில் நிற்கிறது. பெயரே பாதிப் பாடத்தை நடத்திவிடுகிறது. அதைப் பொடி எழுத்தில் போட எப்படி மனது வந்ததோ!

பின்பக்கத்தில் இன்னொரு சிக்கல். ‘சங்க இலக்கியத்தில் வரையாடு’ என்று போட்டு, “வரையாடு வன்பறழ்த் தந்தைக் கடுவனும்” என்ற அடியைக் கொடுத்திருக்கிறார்கள். குறுந்தொகை 26ஆம் பாட்டு. கடுவன் ஆண் குரங்கு, பறழ் அதன் குட்டி. மலையில் ஆடித் திரியும் வலிய குட்டியின் தகப்பன் என்று பொருள். தலைவன் வந்துபோனது அந்தக் குரங்குக்கும் தெரியும் என்று தோழி சாட்சிக்கு இழுக்கிறாள். இந்த அடியில் வருவது ஆடு என்ற விலங்கே இல்லை, ஆடுதல் என்ற வினை.

பழைய பாட்டில் இந்த விலங்கைத் தேடுகிறவர்கள் ‘வருடை’ என்ற பெயரைத்தான் தேட வேண்டும். சிலப்பதிகாரம் காட்சிக் காதையில், செங்குட்டுவனுக்கு மலைவாழ் மக்கள் கொண்டுவந்த காணிக்கைகளில் “வரையாடு வருடையும் மடமான் மறியும்” வருகின்றன. அதாவது மலையில் திரியும் வருடை. வரையும் ஆடும் வருடையும் ஒரே அடியில் கிடைக்கும்போது, இதை விட்டுவிட்டுக் குரங்குப் பாட்டை ஏன் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. பரிபாடல் 11இல் வருடை வானத்துக்கே போய்விடுகிறது, அங்கே அது மேட ராசி. ராசிபலன் பார்க்காத வீடு எங்கள் தெருவில் இல்லை, அதனால் இந்தச் செய்தி பெற்றோர் வரைக்கும் பரவிவிட்டது.

மற்ற தகவல்கள் பரவாயில்லை. தமிழ்நாட்டின் மாநில விலங்கு, அக்டோபர் 7 வரையாடு தினம் என்பதெல்லாம் இருக்கிறது. எண்ணிக்கை 1,031 என்று 2024 கணக்கைப் போட்டிருக்கிறார்கள். 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் 1,303. அப்புறம், வரையாடு வாழும் கேரளத் தேசியப் பூங்காவைச் சொல்லும் ‘மூணாறு அருகே இரவிகுளம்’ என்ற வரியைப் படித்ததும் பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடமான எங்கள் ஊர் மூணாறு தலைப்பு என்று நினைத்துவிட்டார்கள். ஒரு சின்ன வரைபடம் இருந்தால் போதும், இடுக்கி மாவட்டத்து மூணாறு இது என்று புரிந்திருக்கும். வால்பாறைக்குப் போகிறவர்கள் அட்டகட்டிப் பக்கம் ரோட்டோரத்திலேயே வரையாட்டைப் பார்க்கலாம் என்ற செய்தியையும் சேர்த்திருக்கலாம். இங்கிருந்து சுற்றுலா போகிற குடும்பங்களுக்கு அது உதவும்.

சிங்கவால் குரங்கு, இருவாச்சி அட்டைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெட்டி மட்டும் மட்டமான காகிதம், சீக்கிரமே கிழிந்துவிட்டது. நான் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஏற்றது. வாங்கியதும் வரையாடு இருக்கும் 17ஆம் அட்டையை எடுத்துத் தலைப்பின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, ‘வரையாடு’ என்று பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் குறுந்தொகை அடியை அடித்துவிட்டுச் சிலப்பதிகார அடியை எழுதுங்கள். பதிப்பகத்துக்கும் இதையே எழுதிப் போட்டிருக்கிறேன். தபாலிலும் அனுப்புகிறார்கள், தபால் செலவு தனி.