டெக்கும் லேடெக்கும்: வினாத்தாள் தயாரிக்கும் ஒரு வாத்தியாரின் மதிப்புரை

விலையிலிருந்து ஆரம்பிக்கிறேன், எங்கள் துறையில் எந்த மென்பொருளைப் பற்றிப் பேச்செடுத்தாலும் முதல் கேள்வி அதுதான். அச்சுத் தரத்தில் பக்கம் அமைத்துத் தரும் டெக் என்ற மென்பொருள் இலவசம். அதை எளிதாகப் பயன்படுத்த அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கட்டளைத் தொகுப்பான லேடெக்கும் இலவசம். லைசென்ஸ் புதுப்பிக்க வருடா வருடம் முதல்வர் அறைக்கு ஃபைல் தூக்க வேண்டியதில்லை. ஆனால் கற்றுக்கொள்ள ஆகும் நேரத்தைக் காசாகக் கணக்குப் போட்டால் இது விலை கூடிய சரக்கு, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் நடத்துகிறேன், மென்பொருள் பொறியியல் பாடம் பெரும்பாலும் என் தலையில்தான் விழும். வினாத்தாள், பாடக்குறிப்பு, ஆய்வுக் கட்டுரை, மாணவர்களின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் எனக்கு லேடெக்கில்தான். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: வேர்டு போல அடிக்க அடிக்கப் பக்கம் கண்ணில் தெரியாது. சாதாரண உரைக்கோப்பில் விஷயத்தை எழுதி, இது தலைப்பு, இது சமன்பாடு, இது அடிக்குறிப்பு என்று பின்சாய்வுக்கோட்டில் தொடங்கும் கட்டளைகளால் குறித்துவிட்டு ஓட்டினால் பிடிஎஃப் வரும். அல்லது வராது. வராத கதை பின்னால்.

அடியில் இருக்கும் டெக்கை எழுதியவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டொனால்ட் க்னூத். 1977இல் நிரலாக்கம் பற்றிய அவருடைய புத்தக வரிசையின் இரண்டாம் தொகுதிக்கு மறுபதிப்பு வரவிருந்தது. பழைய பதிப்பு ஈய எழுத்தில் அச்சானது, புதியதற்கு எழுத்துகளை ஒளிப்படமாகப் பதிக்கும் ஒளி அச்சுக்கோப்பு. மெய்ப்பு கைக்கு வந்தபோது பக்கங்களைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. வேறு ஆளாக இருந்தால் பதிப்பகத்தோடு சண்டை போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார், இவர் அச்சுக்கோப்பு நிரலைத் தானே எழுத உட்கார்ந்துவிட்டார். 1978இல் ஒரு வருட விடுப்பு இருக்கிறது, அதற்குள் முடித்துவிடலாம் என்பது கணக்கு. பத்து வருடத்துக்கு மேல் இழுத்தது. கணினித் துறையின் உச்ச விருதான டியூரிங் விருதை 1974லேயே வாங்கிய மனிதரின் எஸ்டிமேட் இது! செமஸ்டர் முடிவில் "சார், இன்னும் ரெண்டே நாள்" என்று வந்து நிற்கும் பையன்களிடம் இப்போதெல்லாம் நான் கோபப்படுவது குறைந்துவிட்டது.

இந்த வரலாற்றில் வகுப்புக்கு உதவும் இன்னொரு இடம் உண்டு. வடிவமைப்பை ஒரு குறிப்பாக எழுதி இரண்டு ஆராய்ச்சி மாணவர்களிடம் கொடுத்துவிட்டுக் கோடையில் வெளியூர் போய்விட்டார் க்னூத். தான் எழுதியது தெளிவாக இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தார். திரும்பி வந்து, தானே நிரல் எழுத ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொரு பத்தியிலும் எத்தனை முடிவுகள் எடுக்கப்படாமல் கிடக்கின்றன என்று தெரிந்தது. வடிவமைத்தவரே நிரலை எழுத வேண்டும், முதல் ஆளாகப் பயன்படுத்த வேண்டும், முதல் கையேட்டையும் அவரே எழுத வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். நாங்கள் என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? முதலில் எஸ்ஆர்எஸ் (மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்ற தேவை ஆவணம்) எழுது, கையெழுத்து வாங்கு, அப்புறம் கோடிங். மாணவர்கள் கோடிங்கை முடித்துவிட்டு எஸ்ஆர்எஸ்ஸைக் கடைசி ராத்திரி எழுதுவார்கள், நாங்களும் தெரியாத மாதிரி மார்க் போடுவோம். அவர்கள் செய்வது முழுத் தப்பும் இல்லை என்றே எனக்குப் படுகிறது, ஆனால் இதைத் துறைக் கூட்டத்தில் சொல்ல முடியாது.

சரி, வேலைக்கு வருவோம். பக்கத்தின் அழகில் இதற்கு இன்னும் இணையில்லை என்பது என் கருத்து. வழக்கமான எழுத்துச் செயலி ஒரு வரியை நிரப்பும், இடம் போதவில்லை என்றால் அடுத்த வரிக்குத் தாவும், மேலே போன வரியைத் திரும்பிப் பார்க்காது. டெக் பத்தி முழுவதையும் எடுத்து வைத்துக்கொண்டு, எந்தெந்த இடத்தில் உடைத்தால் மொத்தத்தில் அசிங்கம் குறையும் என்று கணக்குப் போடுகிறது. பந்தியில் எத்தனை பேர் என்று பார்த்துவிட்டு இலை போடுகிறவருக்கும், வரவர இலையைப் போட்டுவிட்டுக் கடைசியில் நெருக்கித் தள்ளுகிறவருக்கும் உள்ள வித்தியாசம்தான். பத்தியின் கடைசியில் ஒரு சொல்லைச் சேர்த்தால் முதல் வரியின் உடைப்பு மாறக்கூடும். க்னூத்தும் அவர் மாணவர் மைக்கேல் பிளாஸும் 1981இல் வெளியிட்ட முறை இது. பெரிய கணக்கைச் சிறு கணக்குகளாக உடைத்துத் தீர்க்கும் டைனமிக் ப்ரோகிராமிங் நடத்தும்போது, பைக்குள் எதையெதை அடைப்பது என்ற முதுகுப்பை கணக்கையே எத்தனை வருடம் போட்டுக்கொண்டிருப்பது, இதைக் காட்டினால் பின்பெஞ்சும் நிமிர்ந்து உட்காருகிறது.

நீளங்களை டெக் கணக்கிடுவது ஒரு பாயின்ட்டில் (எழுத்தின் அளவைச் சொல்லும் அச்சு அலகு) 65,536இல் ஒரு பங்கு என்ற அலகில், முழு எண்களாக. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய அளவு அது. அச்சு இயந்திரத்துக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையே இல்லை. எந்தக் கணினியில் ஓட்டினாலும் வரி அதே இடத்தில் உடைய வேண்டும் என்பதுதான் நோக்கம். நான் வீட்டில் தயாரித்த வேர்டு வினாத்தாளைத் தேர்வுப் பிரிவுக் கணினியில் திறந்தால் ஒரு கேள்வி அடுத்த பக்கத்துக்கு ஓடிப்போயிருக்கும். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

எனக்கு இதில் பிடித்த விஷயங்களில் முதலிடம் அழகுக்குக்கூட இல்லை, டெக் வளர மறுப்பதற்குத்தான். பதிப்பு மூன்றோடு அம்சங்கள் போதும் என்று க்னூத் நிறுத்திவிட்டார். அதன் பிறகு பிழை திருத்தம் மட்டும், ஒவ்வொரு முறையும் பதிப்பு எண்ணில் பை மதிப்பின் ஓர் இலக்கம் கூடும். 2021இல் வந்தது 3.141592653. அடுத்த முறை அவர் பிழைகளைப் பார்க்கப்போவது 2029இல். தன் மரணத்துக்குப் பிறகு பதிப்பு எண் பை என்றே ஆகிவிடும், அப்போது மிச்சமிருக்கும் பிழைகள் எல்லாம் நிரந்தர அம்சங்கள் என்று எழுதியே வைத்திருக்கிறார். வாராவாரம் அப்டேட் கேட்கும் மொபைல் ஆப்களோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புரியவே கொஞ்ச நேரம் ஆகிறது. "அப்டேட் வரலன்னா செத்துப்போச்சுன்னுதானே அர்த்தம் சார்?" என்று ஒருத்தி கேட்டாள். முடிந்துபோனது என்றும் அர்த்தம் இருக்கலாமே என்றேன். அவள் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை.

வாடிக்கையாளர் சேவையும் வினோதம்தான். க்னூத் 1990 முதல் மின்னஞ்சல் வைத்துக்கொள்வதில்லை, பிழைப் புகார்களைத் தன்னார்வலர்கள் சேர்த்து வைத்து அவரிடம் கொண்டு போகிறார்கள். புதுப்பிழை கண்டுபிடித்தால் பரிசு உண்டு. புத்தகப் பிழைக்கு 2.56 டாலர், அதாவது கணினிக்காரர்களுக்குப் பிடித்த 256 என்ற எண், சென்ட்டில். டெக் நிரலின் பிழைக்கான தொகை வருடா வருடம் இரட்டிப்பாகி 327.68 டாலரில் நின்றது. காசோலையை வங்கியில் போடாமல் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்தவர்களே அதிகம். 2008 முதல் உண்மையான காசோலையும் கிடையாது, இல்லாத ஒரு வங்கியின் பெயரில் சான்றிதழ்தான்.

இவற்றைவிட என் பாடத்துக்குப் பயன்பட்டது அவர் வைத்திருந்த பிழைப் பதிவேடு. டெக்கில் தான் செய்த பிழைகளையும் மாற்றங்களையும் தேதிவாரியாகக் குறித்து, 15 வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துக் கொடுத்து 1989இல் வெளியிட்டார். வழிமுறையே தப்பானது ஒரு வகை, செய்ய மறந்தது ஒரு வகை, தட்டச்சுப் பிழை ஒரு வகை, ஒரு மூலையில் செய்த மாற்றம் இன்னொரு மூலையில் பொருந்தாமல் போனது ஒரு வகை. இதே வகைகளைக் கொடுத்து, செமஸ்டர் முழுக்க உங்கள் ப்ராஜெக்டின் பிழைகளை எழுதி வாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்கிறேன். முதலில் எல்லாவற்றையும் தட்டச்சுப் பிழை வகையில் போடுவார்கள், மானம் காக்கும் வகை அது. வைவா நேரத்தில் அந்த நோட்டை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டால், யார் நிரல் எழுதினார்கள், யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரமாகிவிடும். பிழைச் செய்திகள் கொடுமை. சமன்பாட்டின் இரு முனையிலும் டாலர் குறி போட வேண்டும், அதை மூட மறந்தால், தானே ஒன்றைப் போட்டுக்கொண்டு "மிஸ்ஸிங் டாலர் இன்செர்ட்டட்" என்று சொல்லும், அதுவும் தப்பு நடந்த வரியைக் காட்டாமல், கீழே தள்ளி எங்கோ ஒரு வரியைக் காட்டி. "அண்டர்ஃபுல் ஹெச்பாக்ஸ், பேட்னெஸ் 10000" என்று வந்தால் புதியவர் என்ன செய்வார், பாவம். அட்டவணை போடுவது அடுத்த தண்டனை. எங்கள் வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் நேரே மதிப்பெண், சிஓ எண் (பாடத்தின் எந்தக் கற்றல் இலக்கு), கே லெவல் (சிந்தனையின் எந்த நிலை) என்று கட்டங்கள் வேண்டும், "அல்லது" கேள்விகள் நடுவில் வர வேண்டும். அந்த வார்ப்புருவை ஒழுங்காகச் செய்து முடிக்க எனக்கு ஒரு விடுமுறையே போனது. செய்து வைத்த பிறகு கேள்விகளை மட்டும் மாற்றினால் போதும் என்பது நிஜம், ஆனால் அந்த விடுமுறையை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

இன்னொன்று, நான் மேலே புகழ்ந்த உறுதி டெக்குக்குத்தான், லேடெக்குக்கு அப்படியே பொருந்தாது. லெஸ்லி லாம்போர்ட் 1980களில் கட்டிய லேடெக்கைச் சுற்றி இன்று கூடுதல் வசதி தரும் ஆயிரக்கணக்கான பொதிகள் (பேக்கேஜ்) இருக்கின்றன, ஒவ்வொன்றும் வேறு வேறு ஆட்கள் எழுதியது. இரண்டு பொதிகள் ஒரே கட்டளையைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் நீங்கள் நடுவில் நசுங்குவீர்கள். எந்தப் பொதியை எதற்குப் பிறகு அழைக்க வேண்டும் என்பதற்கு வரிசைகூட உண்டு. அஸ்திவாரம் அசையாது, மேல்மாடி ஆடும்.

தமிழுக்கு வருவோம். பழைய டெக், உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொது எண் கொடுக்கும் யூனிகோடுக்கு முந்தியது, அதில் தமிழ் அடிக்கத் தனி ஏற்பாடுகள் வேண்டும். 2004இல் வந்த ஸீடெக் என்ற டெக் வடிவத்தால்தான் கணினியில் இருக்கும் சாதாரணத் தமிழ் எழுத்துருவையே நேரடியாகப் பயன்படுத்த முடிந்தது. இன்னொரு வடிவமான லுவாலேடெக்கிலும் முடியும், ஆனால் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் முறையைத் தேர்ந்தெடுப்பது நல்லது, இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கக்கூடும். பத்தியை மொத்தமாகப் பார்க்கும் அந்த முறை ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு அதிகம் தேவை, ஏனென்றால் "செய்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" மாதிரி ஒரே சொல் பாதி வரியைத் தின்றுவிடும். அதே காரணத்தால், சொல்லை உடைக்கும் விதிகளை இயக்காமல் விட்டால் எந்தக் கணக்கும் உதவாது, சொற்களுக்கு நடுவே ஆட்டோ ஓட்டலாம். தமிழ் விதிகள் நாம் நிறுவும் டெக் தொகுப்பிலேயே இருக்கின்றன, மொழியைத் தமிழ் என்று அறிவித்தால் போதும்.

வீட்டு விசேஷத்துக்கு இது வேண்டாம். சொந்தத்தில் ஒரு வளைகாப்புப் பத்திரிகையை இதில் செய்து தரட்டுமா என்று கேட்டதற்கு, "பிள்ளையார் படம், பார்டர், கலர் எல்லாம் வருமா?" என்றார்கள். வரும், ஆனால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டிடிபி கடைக்காரர் அரை மணி நேரத்தில் முடிக்கிற வேலைக்கு நான் மூன்று நாள் மூளையைக் கசக்க வேண்டும். கடைக்கே அனுப்பிவிட்டேன்.

யாருக்கு வாங்கச் சொல்வேன் (வாங்க எதுவும் இல்லை, பேச்சுக்கு)? கணிதம் அதிகம் வரும் எதற்கும், நீளமான ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கும், ஒரே வடிவத்தில் திரும்பத் திரும்பத் தாள் தயாரிக்கிறவர்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இதில் கற்ற சமன்பாட்டு எழுத்துமுறை விக்கிப்பீடியாவிலும், இணையவழிப் பாடம் நடத்தும் மூடிலிலும், ஏன், வேர்டிலும்கூடச் செல்லும், அதனால் பாதியில் விட்டாலும் முழு நஷ்டமில்லை. நான்கு பேர் சேர்ந்து எழுதும் ரிப்போர்ட் என்றால் இது உரைக்கோப்பு என்பதே பெரிய வசதி: கோப்பின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில் போட்டுவிட்டால் யார் எந்த வரியை மாற்றினார்கள் என்று தெரியும், "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "உண்மையான ஃபைனல்" என்ற கோப்புக் கூட்டம் சேராது. இரண்டு பக்கச் சுற்றறிக்கை அடிக்கிறவர்கள் வேர்டிலேயே இருங்கள்.

தொடங்குகிறவர்கள் உலாவியிலேயே எழுதும் இணையச் சேவை ஒன்றில் பழகிப் பார்க்கலாம். ஆனால் இலவசக் கணக்குகளில் கோப்பை ஓட்டிப் பிடிஎஃப் ஆக்கும் நேரத்துக்கு வரம்பு வைப்பதுண்டு, படங்கள் நிறைந்த ஆய்வேடு அதில் முட்டி நிற்கும். அப்போது டெக், லேடெக், பொதிகள் எல்லாம் சேர்ந்த டெக்லைவ் தொகுப்பைச் சொந்தக் கணினியில் போட்டுக்கொள்ளுங்கள், முழுத் தொகுப்பு பல ஜிபி வரும். நெட் மெதுவான கல்லூரி ஆய்வகமாக இருந்தால் ஒரே கணினியில் ஐஎஸ்ஓ கோப்பாக (மொத்தமும் ஒரே கோப்பில்) இறக்கி, பென் டிரைவில் மற்ற கணினிகளுக்குக் கொண்டு போய் நிறுவலாம்.