சிவப்பு முனை டங்ஸ்டன் கம்பி: ஆர்க் அருமை, தூள் ஆபத்து

ஆர்கான் வெல்டிங் செய்பவர்களுக்குச் சிவப்பு முனை டங்ஸ்டனை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: டார்ச்சில் செருகி, உலோகத்தை உருக்கும் ஆர்க்கை (மின்வில்லை) முனையில் உண்டாக்கும் கம்பி அது. நான் வாங்கியது 2.4 மில்லிமீட்டர் கனத்தில் பத்துக் கம்பிகள் அடங்கிய பெட்டி.

வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டார்ச் சுவிட்சை அழுத்தியதும் ஆர்க் தயங்காமல் பிடிக்கிறது. மின்னோட்டத்தைக் குறைத்து மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகட்டில் ஓட்டினாலும் அலைபாய்வதில்லை. தீட்டிய கூர் நெடுநேரம் நிற்கிறது. டங்ஸ்டனில் சுமார் 2 சதவீதம் கலந்திருக்கும் தோரியம் ஆக்சைடுதான் காரணம். அது இருந்தால் சூடேறிய முனையிலிருந்து எலக்ட்ரான்கள் எளிதாக வெளியேறும்.

தோரியம் கதிரியக்க உலோகம். இதைக் கேட்டதும் கம்பியைத் தொடவே அஞ்சுபவர்களும் உண்டு, "இத்தனை வருடமாகப் பிடிக்கிறோமே, என்ன ஆகிவிட்டது?" என்று சிரிப்பவர்களும் உண்டு. இரு கட்சியிலும் நான் சேரமாட்டேன். தோரியம் வெளியிடும் ஆல்ஃபா கதிர் நம் தோலின் இறந்த மேலடுக்கைக்கூடத் தாண்டாது. கம்பி சும்மா கையில் இருப்பதில் பெரிய கேடில்லை. கேடு சாணையில் இருக்கிறது. கூர் தீட்டும்போது பறக்கும் தூள் மூச்சோடு நுரையீரலுக்குள் போய்விட்டால், அங்கே காக்கத் தோல் கிடையாது. தோரியம் ஆக்சைடு எளிதில் கரைவதுமில்லை. ஆண்டுக்கணக்கில் தங்கி, அக்கம்பக்கத்துச் செல்களைத் தாக்கிக்கொண்டே இருக்கும்.

எக்ஸ்ரே படத்தில் ரத்தக்குழாய்கள் தெளிவாகத் தெரிவதற்காக, 1930களிலும் 1940களிலும் தோரோட்ராஸ்ட் என்ற தோரியம் ஆக்சைடு மருந்தை நோயாளிகளுக்கு ஊசியில் ஏற்றினார்கள். அது கல்லீரலிலும் மண்ணீரலிலும் படிந்து, வெளியேறவே இல்லை. பல பத்தாண்டுகள் கழித்துப் பலருக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்தது. சாணைத் தூளின் அளவு அதற்குப் பக்கத்தில்கூட வராது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அதை மூச்சில் இழுக்க வேண்டுமா?

என் கோபம் பெட்டியின் மீது. முன்பக்கத்தில் ஆர்க்கின் படம் பளபளக்கிறது. எச்சரிக்கையோ அடிப்பக்கத்தில், கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில். சாணைத் தூளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

தூள் உறிஞ்சும் வசதியுள்ள சாணையும், முகத்தோடு படியும் நுண்துகள் முகமூடியும் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். தீட்டியபின் ஈரத்துணியால் துடையுங்கள்; காற்றடித்து ஊதாதீர்கள். தொழில் பழகுபவர்களுக்கு நான் கொடுப்பது தோரியம் இல்லாத, லாந்தனம் கலந்த நீல முனைக் கம்பி. முனையை அடிக்கடி உருகிய உலோகத்தில் முட்டிவிட்டுச் சாணைக்கு ஓடுபவர்கள் அவர்கள்தானே.