மாமியாரின் ஆஸ்பத்திரி ஃபைல்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

என் மாமியாருக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. குடியாத்தத்தில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். தமிழ் புரியும், ஆனால் உடம்புக் கோளாறைச் சொல்ல வந்தால் தெலுங்குதான் வரும். வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பல வருடமாகக் காட்டுகிறோம். டாக்டர்கள் மேல் குறை இல்லை, சொல்ல வந்தது அங்கே தரும் ஃபைலைப் பற்றி.

ரிசல்ட் பகுதி பிரமாதம். எச்பிஏ1சி, கிரியாட்டினின் எல்லாம் தேதிவாரியாக இருக்கும். ரத்தப் பரிசோதனைக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாமே!

தகராறெல்லாம் நோயாளி வாயால் சொல்லி எழுத வேண்டிய இடத்தில்தான். முதல் தடவை கூடப் போனது கொழுந்தனார் மகன், காலேஜ் பையன். அத்தைக்குச் சல்ஃபா மாத்திரை ஆகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். அதை அவர் நீளமாகச் சொல்ல, பையன் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்" என்று முடித்துவிட்டானாம். மருந்து அலர்ஜி இல்லை என்று ஏறிவிட்டது. அப்புறம் ஒவ்வொரு விசிட்டுக்கும் அதே வரி கம்ப்யூட்டரில் நகலாகிக்கொண்டே வந்தது. சிறுநீர்த் தொற்றுக்கு ஒரு டாக்டர் சல்ஃபாவையே எழுதிவிட்டார். பார்மசியில் பெயரைப் பார்த்து நான் திருப்பிக் கொடுத்தேன்.

வேலூரில் வேறு மொழி பேசும் நோயாளிகள் அபூர்வமில்லை. சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் லாட்ஜ் பலகைகளிலேயே வங்காள எழுத்து இருக்கும். வாணியம்பாடி, பேரணாம்பட்டிலிருந்து உருது பேசுகிறவர்கள் வருகிறார்கள். இருந்தும் எங்கள் ஃபைலில் யார் மொழிபெயர்த்தார் என்று குறிக்க ஒரு கட்டம்கூட இல்லை. மகளா, பக்கத்துக் கட்டில்காரரா, வார்டு ஆயாவா? அடுத்துப் படிக்கும் டாக்டருக்கு நோயாளியே சொன்ன மாதிரிதான் தெரியும்.

மருத்துவ ஆவணங்களை ஆன்லைனில் இணைக்க மத்திய அரசு தரும் 14 இலக்க ஆபா (ABHA) எண்ணில் ஃபைலை இணைத்தால் தீருமா என்று கேட்கிறார்கள். ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலைவது குறையும், சரி. ஆனால் தப்பான வரியும் கூடவே போகுமே.

நாங்கள் இப்போது அலர்ஜியையும் சாப்பிடும் மாத்திரைகளையும் ஆங்கிலத்தில் ஒரே தாளில் எழுதி, ஃபைலின் முதல் பக்கமாகக் குத்தி வைக்கிறோம். டாக்டர் டைப் செய்ததை ஒரு முறை வாசிக்கச் சொல்லி அத்தைக்குத் தெலுங்கில் சொல்வேன். முக்கால்வாசிப் பேர் முகம் சுளிப்பதில்லை.

உள்நோயாளி ஆவணத்தை 3 வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 மருத்துவக் கவுன்சில் விதி. அதைச் சொல்லிக் கேட்டால் ரெக்கார்ட்ஸ் கவுண்டரில் பேச்சு மாறுகிறது. எழுதிக் கொடுத்தால் திருத்தம் சேர்க்கிறார்கள், பழைய வரியை அழிப்பதில்லை. அதுவும் நியாயம்தான். பிரிண்ட் வாங்கும்போது எந்த வரி மேலே வந்திருக்கிறது என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.